சனிக்கிழமைக்காரி

"சாட்சிக் கையெழுத்துப் போட்ட பிள்ளைக்கு ஒரு மண்ணும் கிடையாதாம் வே. சட்டம் அப்படியாம்" என்று பந்தல் தட்டிக்கு அந்தப் பக்கம் யாரோ சொன்னார்கள். இந்தப் பக்கம் தண்ணீர் டிரம்முக்கு அருகில் குத்தவைத்து ஜெனிட்டா காப்பி டம்ளர்களை அலசிக்கொண்டிருந்தாள். யாரும் அவளை அலசச் சொல்லவில்லை. சாவு வீட்டில் கைக்கு ஒரு வேலை இருந்தால் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை என்பதால் அவளாகவே எடுத்துக்கொண்ட வேலை அது. "புது நாடகத்த அந்த டைப் அடிக்கிற பிள்ளை பேருக்குல்லா எழுதி வச்சிருக்காவ. எழுதிட்டு அந்தப் பிள்ளையையே சாட்சியாவும் போடச் சொன்னா செல்லுமா? கோர்ட்டு நாடகம் எழுதி ஊரையே அழ வச்ச மனுசன் வே, சொந்த உயில்ல கோட்டை விட்டுட்டாவ" என்றது அந்தக் குரல். இன்னொரு குரல் சிரித்தது. சிரித்த வேகத்தில் இருமலாக மாற்றிக்கொண்டது. அந்தப் பிள்ளை தான்தான் என்று ஜெனிட்டாவுக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. டம்ளரில் தண்ணீர் நிரம்பி விரல்மேல் வழிந்துகொண்டிருந்தது. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. வெயிலில் நின்ற டிரம். பாளையங்கோட்டையில் இந்த மாதத்தில் தண்ணீர்கூடக் காய்ச்சல்காரன் உடம்பு மாதிரித்தான் இருக்கும் என்று நாயகம் சார் சொல்லுவார். சொல்லுவார் இல்லை, சொன்னார். இனிமேல் எல்லாவற்றையும் அப்படி மாற்றிச் சொல்லிப் பழக வேண்டும். சொன்னார், சிரித்தார், இருமினார், உயில் எழுதினார்.

உயிலில் அவள் கையெழுத்துப் போட்ட அன்றைக்கும் இப்படித்தான் வெயில். எழுத்தெல்லாம் அவள் கையால்தான் நடந்துகொண்டிருந்த காலம் அது. நாடகாசிரியர் அருமைநாயகம் என்றால் மதுரைக்குத் தெற்கே தெரியாதவர் இல்லை. ஆனால் அவர் கை ஒரு பேனாவை நேராகப் பிடிக்க முடியாமல் நடுங்க ஆரம்பித்த பிறகுதான் பட்டம் முடித்து வீட்டில் இருந்த ஜெனிட்டாவை டைப் அடிக்கக் கூப்பிட்டுக்கொண்டார்கள். அவர் சொல்லச் சொல்ல அவள் அடிப்பாள். உயிலை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, நடுங்கும் கையாலேயே நாள்கணக்கில் எழுதினார். எழுதி முடித்த அன்றைக்கு அடுத்த வீட்டு ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டரைக் கூப்பிட்டார். பிறகு அவளையும் கூப்பிட்டார். தாளின் மேல்பாதியைச் செய்தித்தாளால் மூடியிருந்தார். செய்தித்தாளில் ஒரு யானையின் படம், எந்தக் கோவில் யானையோ, குளித்துக்கொண்டிருந்தது. யானைக்குக் கீழே அவள் கையெழுத்துப் போட்டாள். "வக்கீல்ட்ட காட்ட வேண்டாமா சார்?" என்று போஸ்ட்மாஸ்டர் கேட்டதற்கு, "மூணு அங்கம் கோர்ட்டுலயே நடக்கிற நாடகம் எழுதினவன்கிட்டயா கேக்கியரு?" என்றார். அப்போது அவர் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. பிறந்தநாள் பிள்ளையிடமிருந்து பொட்டலத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நிற்பவர் சிரிக்கிற சிரிப்பு. அன்றைக்கு அது என்ன சிரிப்பென்று தெரியவில்லை. இப்போது தெரிந்துவிட்டது. தெரிந்த அந்த நொடியிலேயே பொட்டலமும் இல்லாமல் போய்விட்டது.

பெட்டியை மூடப் போகிறோம், முகம் பார்க்காதவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று உள்ளே சத்தம் கேட்டது. அவள் போகவில்லை. காலையிலேயே பார்த்தாயிற்று. அவர் முகத்தில் ஒரு சலிப்புத்தான் இருந்தது, ஒத்திகையில் யாரோ வசனத்தைத் தப்பாகச் சொன்ன மாதிரி. பெட்டிக்குள் மல்லிகை வைக்கக்கூடாது, எனக்குத் தும்மல் வரும் என்று உயிலில் எழுதியிருந்ததாம். அதை வாசித்த பிறகும் யாரோ ஒரு சரத்தை வைத்துவிட, எமிலியம்மா அதை எடுத்து ஜன்னல்கம்பியில் தொங்கவிட்டாள். எமிலியம்மா அவர் மனைவி. நாற்பது வருடத்தில் புருஷனின் நாடகம் ஒன்றுகூடப் பார்த்ததில்லை. "வீட்டுல தினமும் பாக்கிறது போதும்" என்பாள். அழுகிற பெண்களுக்கு நடுவே அவள் அழாமல், யார் சாப்பிட்டார்கள் யார் சாப்பிடவில்லை என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். சவவண்டிக்குப் பின்னால் போகிற வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டு, வெளியே நின்ற ஜெனிட்டாவைப் பார்த்து, "ஏட்டி, இங்க வா. எம்பக்கத்துல இரி" என்றாள். வேனுக்குள் ரெக்சின் சீட் தொடையைச் சுட்டது. எமிலியம்மாவின் வெள்ளைச் சேலையிலிருந்து நாப்தலின் உருண்டை வாசம் வந்தது.

வேன் தெருமுனை திரும்பியதும் எமிலியம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "வக்கீல் சொன்னது ஒனக்குத் தெரியுமாட்டி?" ஜெனிட்டா தலையாட்டினாள். "ஒனக்குன்னுதான் எழுதி வச்சாவ. அவிய செஞ்ச முட்டாத்தனம், அது இப்ப வீட்டோட சேத்து எனக்கு வந்துட்டு. நான் அத வச்சு என்ன செய்ய? செல்வின் இருக்கான்லா, கல்லறைத் தோட்டத்துல வச்சே சொல்லப் போறானாம், முப்பதாம் நாளு கூட்டத்துக்கு இந்த நாடகத்தத்தான் போடுதோம்னு. ஊரே கூடியிருக்கும்போது சொல்லணுமாம். நாடகக்காரன் புத்தி. எங்கிட்ட சம்மதம் கேட்டான். நான் பெறவு சொல்லுதேன்னேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "நீ வேண்டாம்னா வேண்டாம். போடுன்னா போடட்டும். அங்க போய்ச் சேருததுக்குள்ள சொல்லு. ஒரு வார்த்தை சொன்னா போதும்." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்கு அந்த நாடகத்தில் என்ன இருக்கிறதென்று தெரியாது. செல்வினுக்கும் தெரியாது, அவன் அதை ஒரு கதை என்று மட்டுமே வாசித்திருப்பான். நாடகக் குழுவை நடத்துகிறவனுக்குக் கதை நன்றாயிருந்தால் போதும். அது யார் கதை என்று தெரிந்தவர் ஒருவர் முன்னால் போகிற வண்டியில், மூடிய பெட்டிக்குள் இருந்தார். இன்னொருத்தி ஜெனிட்டா.

ஒரு வார்த்தை. வேண்டாம் என்றாலும் ஒரு வார்த்தை, போடட்டும் என்றாலும் ஒரு வார்த்தை. வேன் ஊர்ந்தது. ஜன்னல் கண்ணாடியில் ஒட்டியிருந்த கறுப்புத் தாள் வழியாகத் தெரு முழுக்கச் சாயங்காலமாகத் தெரிந்தது. வெளியே மூன்று மணி வெயில், உள்ளிருந்து பார்த்தால் மழைவரப் போகிற மாதிரி ஒரு மங்கல். கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். ஒரு பெண் பால்பையைக் கையில் பிடித்தபடி சிலுவை போட்டுக்கொண்டாள். எல்லோரும் தண்ணீருக்கு அடியில் நிற்கிறவர்கள் மாதிரி மெதுவாக இருந்தார்கள். சார் வீட்டில் கரண்ட் போன ஒரு மத்தியானமும் இப்படித்தான் இருந்தது. கம்ப்யூட்டர் திரை அணைந்து, காற்றாடி சுற்றி ஓய்ந்து, அறையில் அவரும் அவளும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அவருக்கு எழுத வராமல் மாதக்கணக்காகிறது என்று அவளுக்குத் தெரியும். சொன்ன வரியையே மறுபடி சொல்லி அடிக்க வைத்துவிட்டு அழிக்கச் சொல்லுவார். பேசுவதற்காகத்தான் கேட்டார். "ஒங்க அம்மா சனிக்கிழமைதோறும் அம்பாசமுத்திரம் ஆஸ்பத்திரியில ஜெபம்பண்ணப் போறாவளாமே? எமிலி சொன்னா. பெரிய ஊழியம்லா அது." ஆமா சார் என்று சொல்லியிருக்கலாம். எத்தனையோ பேரிடம் சொன்ன ஆமாதான். ஆனால் அன்றைக்கு, இருட்டோ, புழுக்கமோ, அவர் குரலில் இருந்த களைப்போ, எதுவென்று தெரியவில்லை, "இல்ல சார்" என்று சொல்லிவிட்டாள். அந்த "இல்ல" அவளுடைய வாயிலிருந்து வந்ததாகவே தோன்றவில்லை. அறைக்குள் அவர்களோடு மூன்றாவதாக ஒருவர் இருந்து சொன்ன மாதிரி இருந்தது. சார் நாற்காலியில் நிமிரவில்லை, திரும்பவில்லை. "அப்புறம்?" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு "அப்புறம்" போதும், எந்தக் கதவும் திறந்துகொள்ளும். வகுப்பில் பெயர் கூப்பிட்டால்கூட உள்ளேன் என்று சத்தமாகச் சொல்ல முடியாதவள், கரண்ட் வரும்வரை நிறுத்தாமல் பேசினாள்.

பேசியது அவளுடைய கதை அல்ல, அம்மாவுடையது. அம்மா பாக்கியசீலி, மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர், மாதர் சங்கச் செயலாளர். அப்பா பம்பாயில் வேலை பார்த்து அங்கேயே காய்ச்சலில் இறந்துபோனார் என்பது தெருவுக்குத் தெரிந்தது. அப்பா போனது பம்பாய்க்கு அல்ல, பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய அம்பாசமுத்திரத்துக்கு. அங்கே ஒரு அரிசி ஆலையில் கணக்கு எழுதினார். பகவதி என்ற பெண்ணோடு இருந்தார். இரண்டு குழந்தைகள். அவர் படுத்த படுக்கையாகிவிட்டார் என்று யாரோ வந்து சொன்னபோது அம்மா சண்டைக்குத்தான் பஸ் ஏறினாள். போய்ப் பார்த்தால் பகவதி ஒரு கையில் பிள்ளையை இடுக்கிக்கொண்டு மறுகையால் அவருக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தாளாம். பிள்ளையை இங்க தா என்று அம்மா வாங்கிக்கொண்டாளாம். அதற்குப் பிறகு அம்மா அந்தப் பிள்ளையைக் கீழே இறக்கிவிடவேயில்லை என்றுதான் சொல்ல வேண்டும். அப்பா செத்துப்போனார், அம்மாவின் சனிக்கிழமைகள் நிற்கவில்லை. எங்கே போகிறீர்கள் டீச்சர் என்று கேட்டவர்களிடம் ஆஸ்பத்திரியில் ஜெபம் என்றாள். கேட்டவர்கள் சபையில் சொன்னார்கள். சபையார் மகிழ்ந்தார்கள். போன வருடம் மாதர் சங்க ஆண்டு விழாவில் அந்த ஊழியத்துக்காகவே அம்மாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மேடையில் அம்மா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். எவ்வளவு தாழ்மை பாருங்க என்று பக்கத்தில் ஒரு பெண் சொல்ல, ஜெனிட்டாவின் காதுமடல் எரிந்தது. அந்த மேடை பள்ளிக்கூட மண்டபத்து மேடை. அங்கேதான் முப்பதாம் நாள் கூட்டமும். அதே நாற்காலிகளில் அதே பெண்கள். திரை விலகும். ஒரு டீச்சர் சனிக்கிழமை பஸ்ஸில் வந்து இறங்குவாள்.

வேன் நின்றது. ஏன் நின்றது என்று எட்டிப் பார்த்தால் அந்த மண்டபத்து வாசல்தான். அவருடைய நாடகம் எல்லாம் முதலில் அரங்கேறிய இடம் என்பதால் சவவண்டியை இங்கே நிறுத்தி மணி அடிக்க வேண்டும் என்று செல்வின் ஏற்பாடு செய்திருந்தான். நாடகத்துக்கு முதல் மணி, இரண்டாம் மணி, மூன்றாம் மணியோடு திரை. இப்போது எத்தனை அடிப்பது என்று சாலையில் தகராறு. "மூணையும் அடிக்கணும் வே, அதான் மரியாதை." "மூணு அடிச்சா நாடகம் ஆரம்பம்னுல்லா அர்த்தம். முடிஞ்ச மனுசனுக்கு எதுக்குவே ஆரம்ப மணி?" "அப்ப அடிக்காம போவமா? மணிய வேற தூக்கிட்டு வந்தாச்சு." எமிலியம்மா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "எலேய், ஏதாவது ஒண்ண அடிச்சித் தொலைங்கல, வெயில்ல அவிய வேகுதாவ" என்றாள். ஒரே ஒரு தடவை மணி அடித்தது. அதன் ரீங்காரம் வேனின் தகரத்தில் ஏறி, சீட்டில் இறங்கி, ஜெனிட்டாவின் முழங்கால்வரை வந்து நின்றது. ஏதோ ஒரு சின்னப் பூச்சி தோலுக்குள் பறந்தது போல இருந்தது. எமிலியம்மா தன்பாட்டுக்குப் பேசினாள். "உயில்ல இன்னொண்ணும் எழுதியிருக்காவ தெரியுமா? எங்கல்லறையத் திறந்து எனக்கு மேல யாரையும் வைக்கப்பிடாதுன்னு. அவிய அம்மைக்கு மேலதான் அப்பாவ வச்சிருக்கு, எல்லா வீட்டுலயும் அதான வழக்கம். எனக்கு அந்த இடந்தான்னு நெனச்சிட்டிருந்தேன். உசிரோட இருக்கும்போது ராத்திரியெல்லாம் லைட்டப் போட்டுட்டு எழுதி, கட்டில்ல ஒறங்க விடல. செத்த பெறவும் தனியாத்தான் படுக்கணுமாம்." சிரிப்பதற்காகச் சொன்னாள். கடைசி வார்த்தையில் உதடு கோணிக்கொண்டது. அவளுக்கும் அவர் ஒரு பொட்டலம் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். அதைப் பிரிக்கத்தான் இந்த வேனில் உட்கார்ந்திருக்கிறாள். ஜெனிட்டாவுக்கு அவள் கையைப் பிடிக்க வேண்டும் போல இருந்தது. பிடிக்கவில்லை. கை மடியிலேயே கிடந்தது.

வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன? சொல்லிவிட்டால் அந்தத் தாள்கள் எமிலியம்மாவின் பீரோவில் நாப்தலின் உருண்டைகளோடு கிடக்கும். அம்மாவின் சனிக்கிழமை அம்மாவிடமே இருக்கும். அதுதானே நியாயம். ஆனால் நாடகத்தின் அந்த இரண்டாம் அங்கம். அதை நினைத்தால் வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. ஒரே ஒரு தடவை அம்மா அவளை அம்பாசமுத்திரத்துக்குக் கூட்டிப்போயிருந்தாள், ஏழாம் வகுப்பு விடுமுறையில். பகவதி வீட்டு முன்னறையிலேயே இடியாப்ப வியாபாரம். ஆவி. எங்கே பார்த்தாலும் ஆவி. வாசலில் நின்ற ஜெனிட்டாவுக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை, சிரிப்புச் சத்தம் மட்டும்தான் கேட்டது. யாரோ ஒரு பொம்பளை வாயைத் திறந்து, மூச்சுமுட்டச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஆவி விலகினால், அம்மா. செருப்பை எப்போது கழற்றினாள், உள்ளே எப்போது போனாள்? கொண்டை அவிழ்ந்து தோளில் கிடக்க, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இடியாப்ப உரலை இரண்டு கையாலும் திருகிப் பிழிந்தபடி சிரித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் அம்மா சிரித்தால் உதட்டைக் கடித்துக்கொண்டுதான் சிரிப்பாள், யாரோ அளந்து கொடுத்ததைச் சிந்தாமல் செலவழிக்கிற மாதிரி. அந்த வீட்டில் என்ன சொல்லிச் சிரித்தார்கள்? அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியாது. பகவதி தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் விட்ட இடியாப்பத்தைத் தட்டில் வைத்து, "அப்படியே அப்பா மூக்கு" என்று அவள் மூக்கைத் தொட்டாள். கை சூடாக இருந்தது. ஜெனிட்டாவுக்கு அழுகை வந்தது. யார்மேல் பொறாமை என்று புரியாத பொறாமை. திரும்பி வருகிற பஸ்ஸில் அம்மாவின் முகம் ஊர் நெருங்க நெருங்க மூடிக்கொண்டே வந்தது, பெட்டிக்கடைக்காரர் பலகைகளை ஒவ்வொன்றாகப் போடுகிற மாதிரி. இறங்கும்போது கடைசிப் பலகையும் போட்டாயிற்று. "அங்க பாத்தத இங்க பேசாத" என்றாள். மறுபடி கூட்டிப்போகவில்லை.

அவர் அதை எழுதியிருந்தார். ஆவி, உரல், இரண்டு பெண்கள், சிரிப்பு. அவள் சொல்லாததையும் எழுதியிருந்தார், எதற்குச் சிரித்தார்கள் என்பதை. செத்துப்போனவர் குறட்டையை இரண்டு பேரும் மாறி மாறிச் செய்துகாட்டிச் சிரிப்பதாக. டைப் அடிக்கும்போது ஜெனிட்டாவே சத்தமாகச் சிரித்துவிட்டாள். அவர் முதல்முறையாகச் சின்னப் பையன் மாதிரிச் சந்தோஷப்பட்டார். அப்போதுதான் சொன்னார்: "இது ஒன்னோடது. நான் இருக்கிறவரைக்கும் போடமாட்டேன். பெறவு நீ போடச் சொன்னா போடட்டும், கிழிக்கணும்னா கிழி." அன்று ராத்திரி அவள் முழு நாடகத்தையும் மறுபடி வாசித்தாள். எதையோ தேடிக்கொண்டு வாசித்தாள். கடைசிப் பக்கத்தில்தான் எதைத் தேடினாள் என்று தெரிந்தது. மகள் இல்லை. நாடகத்தில் டீச்சருக்கு மகளே இல்லை. வாசலில் நின்று பார்த்தவளை அவர் எடுத்துவிட்டிருந்தார். அது பெரிய விடுதலையாக இருந்தது. அதே சமயம், குடும்பப் படத்தை அலமாரியிலிருந்து எடுத்துப் பார்த்தால் தன்னுடைய இடத்தில் சுவர் மட்டும் தெரிகிற மாதிரியும் இருந்தது. ஏன் சார் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? மகளுக்கு வேறு வேலை இருக்கிறது என்றிருப்பாரோ. இல்லை, அவர் அப்படியெல்லாம் பேசமாட்டார். மகள் வந்தால் நாடகம் நீளமாகிவிடும் என்றிருப்பார்.

மரநிழல்கள் கண்ணாடியில் ஏறி இறங்கின. கல்லறைத் தோட்டத்துச் சுவர் ஆரம்பித்துவிட்டது. நீளமான சுவர். அது முடிவதற்குள் சொல்ல வேண்டும். போடட்டும். வேண்டாம். அம்மாவுக்கு இது தெரியவே வேண்டாம். தெரியாமல் எப்படி? அம்மா பேரை மாற்றித்தானே எழுதியிருக்கிறார். பேரை மாற்றினால் சனிக்கிழமை மாறிவிடுமா? போஸ்ட்மாஸ்டர் வீட்டம்மா முதல் காட்சியிலேயே கண்டுபிடித்துவிடுவாள். பொன்னாடையைத் திருப்பிக் கேட்பார்களா? கேட்கமாட்டார்கள், அது இன்னும் மோசம், கேட்காமல் பார்ப்பார்கள். நல்லவேளை, இன்றைக்குச் சனிக்கிழமை. அம்மா காலையிலேயே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியாயிற்று. இந்நேரம் பகவதி வீட்டில் உட்கார்ந்திருப்பாள். செல்வின் சொல்லப்போவது இன்றைக்கு அம்மா காதில் விழாது. நாளைக்கு விழும். நாளை மறுநாள். ஒரு ராத்திரி கிடைக்கிறது. ஒரு ராத்திரி கிடைத்து என்ன செய்யப் போகிறாள், தலையணையைக் கட்டிக்கொண்டு கிடப்பாள். எமிலியம்மா திரும்பிப் பார்த்தாள். "என்னட்டி?" வேன் நின்றுவிட்டது. "சரி, எறங்கு. எறங்கிட்டுச் சொல்லு" என்றாள் எமிலியம்மா, கோபமில்லாமல்.

வாசல் வேப்பமரத்தடியில் மாதர் சங்கத்துப் பெண்கள் வெள்ளைச் சேலையில் வரிசையாக நின்றார்கள். வரிசையின் கடைசியில் அம்மா நின்றாள். ஜெனிட்டா முதலில் நம்பவில்லை, வெயிலில் கண் கூசி யாரையோ அம்மாவாகக் காட்டுகிறது என்று நினைத்தாள். ஆனால் தோளில் அதே பை. காலையில் உடுத்திப்போன அதே நீலச் சேலை, அந்த வெள்ளைக்கு நடுவே அது ஒன்றுதான் நிறம். "பஸ்ல ஏறி உக்காந்தாச்சு. நீ ஒத்தையா நிப்பியேன்னு தோணிச்சு. எறங்கிட்டேன்" என்றாள் அம்மா. இத்தனை வருடத்தில் அம்மா விட்ட முதல் சனிக்கிழமை இது. பெட்டி உள்ளே போய்க்கொண்டிருந்தது, பாட்டு ஆரம்பித்துவிட்டது, பெண்கள் நகர ஆரம்பித்தார்கள். அம்மாவும் காலை எடுத்து வைத்தாள். ஜெனிட்டா அம்மாவின் பைவாரைப் பிடித்தாள். சொல்லப் போகிறாள் என்று அவளுக்கே தெரியாது. "அம்மா, அம்பாசமுத்திரத்துக் கதைய நான் சார்ட்ட சொல்லிட்டேன். சார் அத நாடகமா எழுதிட்டாவ. அதத்தான் முப்பதாம் நாளு போடப் போறாவ. எமிலியம்மா என்னக் கேக்காவ, வேண்டாம்னு சொன்னா போடமாட்டாவ. சொல்லவா?" எல்லாம் ஒரே மூச்சில் வந்தது. பாட்டுச் சத்தத்தில் பாதி கேட்டிருக்காது என்று நினைத்தாள். அம்மா எதிரே இருந்த வேப்பமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மரத்தில் ஒன்றும் இல்லை. பட்டை உரிந்த இடத்தில் எறும்புகள் ஏறிக்கொண்டிருந்தன. "அவளுக்கு என்ன பேரு போட்டிருக்காவ?" என்று கேட்டாள். "செண்பகம்." "பகவதின்னே போட்டிருக்கலாம்" என்றாள் அம்மா. அவ்வளவுதான். பைவாரை அவள் பிடியிலிருந்து மெல்ல எடுத்துக்கொண்டு நடந்துவிட்டாள்.

அது என்ன பதில்? ஜெனிட்டா பின்னால் நடந்தாள். காலுக்கடியில் சருகுகள் நொறுங்கின. பெயர்கள் எழுதிய கற்கள் இரண்டு பக்கமும் மெதுவாகப் பின்னால் போயின, பஸ்ஸிலிருந்து பார்க்கிற வயல்கள் மாதிரி. கோபமா? கோபம் என்றால் அம்மா உதட்டைக் கடிப்பாள். கடித்தாளா? ஜெனிட்டா அதைப் பார்க்கவில்லை, எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போதகர் ஜெபித்தார். குழிக்குள்ளிருந்து ஈர மண்வாசம் வந்தது, இந்த வெயிலிலும் பூமிக்குள் எங்கேயோ குளிர்ச்சி இருந்திருக்கிறது. பெட்டி கயிற்றில் இறங்கியது. எமிலியம்மா முதலில் மண்ணைப் போட்டாள். போட்டுவிட்டுக் குழியின் அகலத்தை ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சொந்தக்காரர்கள், பிறகு நாடகக்காரர்கள். செல்வின் கையைத் தட்டிவிட்டுக்கொண்டு ஒரு கல்லறை மேடைமேல் ஏறினான். "நம்ம ஆசிரியருக்குச் செய்யிற மரியாதையா..." என்று ஆரம்பித்து, நிறுத்தி, எமிலியம்மாவைப் பார்த்தான். எமிலியம்மா ஜெனிட்டாவைப் பார்த்தாள். ஜெனிட்டா அம்மாவைப் பார்த்தாள். நீலச் சேலை முதுகு. அசையவில்லை. தலைக்குமேல் ஒரு காக்கை கிளை மாறி உட்கார்ந்தது. "போடுதோமா, இல்லையா?" என்று யாரோ பின்னாலிருந்து முணுமுணுத்தார்கள். அம்மா அசைந்தாள். பெண்களை விலக்கிக்கொண்டு குழி ஓரத்துக்குப் போனாள்.

"தம்பி செல்வின்" என்றாள். மூன்றாம் வகுப்பின் கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற குரல். "நாடகத்தன்னிக்கு முன்வரிசையில எனக்கு ரெண்டு நாற்காலி போட்டு வைங்க."

"ஆகட்டும் டீச்சர். உங்களுக்கு ஒண்ணு, ஜெனிட்டா தங்கச்சிக்கு ஒண்ணு."

"அவ எங்கயும் உக்காந்துக்கிடுவா. இன்னொண்ணு அம்பாசமுத்திரத்துல இருக்கிற பகவதிக்கு. எங்க வீட்டுக்காரரோட இன்னொரு சம்சாரம்."

சொல்லிவிட்டு அம்மா பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு குனிந்தாள். ஒரு பிடி மண்ணை அள்ளிக் குழிக்குள் போட்டாள்.